கோடு போட்டு அடித்த வரி

எங்கள் ‘காயாத குடை’ வலைப்பதிவில் புதிதாகச் சேருகிற வானிலைக்காரர்கள் இரண்டு கேள்வி கேட்காமல் இருப்பதில்லை. முகப்புப் படத்தில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அம்மாள் யார்? பதிவுகளில் எதற்கு இத்தனை வரிகள் கோடு போட்டு அடிக்கப்பட்டுக் கிடக்கின்றன, அழித்துவிட்டால் பக்கம் சுத்தமாக இருக்குமே? சென்ற வாரம் ஒரு தம்பி இன்னும் ஒருபடி மேலே போய், அடித்த வரிகளெல்லாம் தானாகவே மறைகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. போனில் பேசினால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்று பயந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையை நீட்டப் போவதில்லை. இயற்பியல் படிப்பு, ஒரு பரீட்சை, சில மாதப் பயிற்சி. அந்தப் பயிற்சியில் பாதி, மேகங்களின் பெயரை நெட்டுருப் போட்டதில் கழிந்தது. பிறகு பழவேற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டியிருந்த ஒரு சின்ன வானிலை நோக்ககத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு மழைமானி, காற்றுக்குத் திசைகாட்டி ஒன்று, வெப்பமானிகள் இருக்கிற வெள்ளைப் பெட்டி, காற்றழுத்தம் காட்டுகிற ஒரு பாரமானி, ஒரு பதிவேடு. இவற்றோடு வரதராஜன் சார்.

வரதராஜன் சார் யாரையும் திட்ட மாட்டார். கடைநிலை ஊழியர் முதல் மழைமானி மேல் வந்து உட்காருகிற காக்கை வரை எல்லோருக்கும் ‘நீங்க’தான். “நீங்க அங்க உக்காந்தா மழைக்கணக்கு தப்பாயிடுமே” என்று காக்கையிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த ‘நீங்க’வுக்கு நான் நடுங்கினது கொஞ்சமில்லை. வெப்பமானி பார்க்கும்போது மூச்சை அடக்க வேண்டும். நம் மூச்சுச் சூட்டிலேயே பாதரசம் ஏறிவிடும். முதலில் தசமத்தைப் பார், பிறகு முழு எண்ணைப் பார். ஏனென்றால் முதலில் மாறுவது தசமம்தான். பார்த்ததை அங்கேயே நின்று எழுது, நடந்துபோய் எழுதாதே. எழுதியபின் மறுபடி பார். இதெல்லாம் அவர் வாயால் சொன்னதில்லை. நாம் தப்பாகச் செய்தால் பக்கத்தில் வந்து நின்று, “இன்னொரு தரம் பாருங்க” என்பார், அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், எட்டரை மணி அளவில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன். சரியாக ஒரு டிகிரி கூடுதல். கவனித்ததும் யாரும் பார்க்கவில்லை என்று ரப்பரால் துடைத்துவிட்டுச் சரியானதை எழுதினேன். பதினோரு மணிக்கு வரதராஜன் சார் அந்தப் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காகிதம் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது.

“ரப்பர் உங்களோடதா?”

“ஆமா சார்.”

“குடுங்க.” வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். “தப்பா எழுதறது தப்பில்லே. எழுதினது தெரியாமப் பண்றோம் பாருங்க, அதான் தப்பு. ஒரே ஒரு கோடு போடுங்க. கீழே இருக்கறது படிக்கறா மாதிரி இருக்கணும். மேலே சரியானத எழுதி ஓரத்துல கையெழுத்துப் போடுங்க.”

என்னிடம் அவர் தொடர்ந்தாற்போல் இத்தனை வார்த்தை பேசியது அந்த ஒரு முறைதான். நாலு வருஷம் கழித்து நான் மாற்றலாகிப் போன அன்று ஒரு பழுப்பு உறையை நீட்டினார். உள்ளே அந்த ரப்பர் இருந்தது. அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இடையில் எங்கெங்கோ மாற்றி, கடைசியில் மறுபடி பழவேற்காட்டிலேயே ஓய்வு பெற்றேன். மீஞ்சூரில் இருக்கிற மகள் வந்துவிடு வந்துவிடு என்கிறாள். அவள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். இங்கே என் மாடியில் ஏறினால் வடக்கே ஆந்திரா வரைக்கும் வானம். அதை விட்டுவிட்டுப் போக நான் என்ன பைத்தியமா? மாடியறையில் ஒரு பழைய வட்டப் பாரமானி, வெளியே சொந்த மழைமானி. வேலையில்தான் ஓய்வு, வானம் பார்க்கிற வியாதியில் இல்லை.

வலைப்பதிவை ஆரம்பித்தது ரஹீம். எங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையும் மாலையும் மேல்காற்றை அளக்க பலூன் பறக்கவிட்டே தலை நரைத்தவன். அப்புறம் பொன்னேரிப் பக்கம் கல்லூரியில் வானிலை பாடம் நடத்துகிற செண்பகம். இன்னும் ஏழெட்டுப் பேர். விளையாட்டு இதுதான்: ஒவ்வொருவரும் மாலை ஆறு மணிக்குள் அவரவர் ஊருக்கு மறுநாள் எப்படி என்று எழுத வேண்டும். மழை என்று எழுதி மழை வராவிட்டால், வெயிலில் விரித்த குடையோடு தெருவில் நின்று படம் எடுத்துப் போட வேண்டும். மழை இல்லை என்று எழுதி மழை வந்துவிட்டால், மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நிற்க வேண்டும். ரஹீம் ஒரு சித்திரை வெயிலில் குடையோடு நின்ற படத்தின் கீழே செண்பகம், “சார், நிழலாவது சரியாக விழுந்திருக்கிறது” என்று எழுதியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஒரே ஒரு விதியை மட்டும் நான் சேர்த்தேன். ஆறு மணிக்கு மேல் யாரும் பதிவில் கை வைக்கக் கூடாது. எழுதியது எழுதியதுதான். இது வரதராஜன் சார் கற்றுக்கொடுத்தது என்று பெருமையாக வேறு சொன்னேன். எல்லோரும் கைதட்டாத குறை.

எங்களுக்குள் அடித்துக்கொள்கிற இந்தக் கூத்தை வேறு யாரும் படிப்பதாக நான் நினைக்கவே இல்லை. ஒரு நாள் மார்க்கெட்டில் கருவாடு போடுகிற தேசம்மா என்னை நிறுத்தினாள்.

“இன்னா சாரே, நேத்து நீ காயற நாளுனு போட்ட. ஒரு கூடை நெத்திலி நனைஞ்சி பூட்ச்சி.”

“உனக்கு எப்படிம்மா தெரியும் நான் போட்டது?”

“ஊரே பாக்குது. நீ மழையில மடக்குன குடையோட நிக்கிற போட்டோவ எங்க குரூப்புல போட்டு ஒரே மஜா.”

சாரே என்பதும் நீ என்பதும் அங்கே ஒரே மூச்சில் வரும், மரியாதைக்குக் குறைவில்லை. அன்றிலிருந்து தேசம்மாதான் என் முதல் வாசகி. மாலை ஆறரைக்கு என் பதிவைக் குப்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். சரியாகச் சொன்னால் ஒன்றும் சொல்ல மாட்டாள். தப்பினால் மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால் என் மானம் போகும். கடலுக்குப் போகிறவர்களுக்கு அரசாங்க அறிக்கை இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நானும் பதிவின் மேலேயே எழுதி வைத்தேன். “அது கடலுக்கு. நாங்க ஏரி. எங்களுக்கு யார் கீறா?” என்று அவள் கேட்டாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது. ஒளிப்பானேன்?

இனி அந்த ஐப்பசி நாளுக்கு வருகிறேன். அதற்கு முன் ‘பாடு’ பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். அதில் முக்கியமானது முகத்துவாரத்தை ஒட்டிய இடம். அங்கே இன்ன நாள் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. முறை ஒரு சுற்று வர வாரக்கணக்கில் ஆகும். உன் நாளில் நீ போகாவிட்டால் அது போனதுதான், அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ, யாருக்காகவும் பாடு நிற்காது.

முந்தின மாலை நான் எழுதியது இது: “நாளை ஏரிப் பக்கம் காய்ந்த நாள். காற்று அடங்கியிருக்கும்.” ரஹீம் சென்னைக்கு மழை என்று எழுதியிருந்தான். அதற்கு முன் இருபது நாளாக நான் ஒரு படமும் போடவில்லை. எங்கள் கூட்டத்தில் அதுவரை யாரும் அப்படித் தப்பாமல் சொன்னதில்லை. இன்னும் ஒரு நாள் தப்பித்தால் ரஹீம் என்னைப் புகழ்ந்து ஒரு பதிவு எழுதுவதாகப் பந்தயம்.

காலை எட்டரைக்கு மழைமானி காலி. வானம் பளிச்சென்று இருந்தது. மாடியறைக்குள் வந்து பாரமானியை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். வானிலைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றழுத்தம் நம் ஊரில் தினமும் காலையில் ஏறும், பத்து மணி வாக்கில் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். கடிகாரம் மாதிரி. எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் முள் ஏறியே தீர வேண்டும். அன்றைக்கு ஒன்பது மணிக்கு அது இறங்கியிருந்தது. மறுபடி தட்டினேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. மாடிக்கு வெளியே வந்தால் அதுவரை கிழக்கிலிருந்து வீசிய கொண்டல் நின்றுபோய், மூக்கில் குளிர்ச்சியாக வடக்கிலிருந்து லேசாக வாடை தொட்டது.

ஒன்பதேகாலுக்குச் செண்பகம் போன் செய்தாள். “சார், ரேடார் படம் பாத்தீங்களா? வடக்கே எளாவூருக்கு மேலே ஒரு மேகக் கோடு. தெக்கு நோக்கி வருது. உங்க பதிவை மாத்திடுங்க.”

“விதினு ஒண்ணு இருக்கேம்மா. எல்லாருக்கும் வெச்சுட்டு நானே மீறலாமா?”

“விளையாட்டுதானே சார்.”

“விளையாட்டுதான். அதனாலதான் மீறக் கூடாது.”

எவ்வளவு அழகான பேச்சு. நியாயஸ்தன் மாதிரி பேசிவிட்டுப் போனை வைத்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? விதி ஒரு சாக்கு. இருபது நாள் பெருமை போகிறதே என்ற வயிற்றெரிச்சல்தான் காரணம். மேகக் கோடு கடல் பக்கம் விலகிப் போகலாம், கரைந்தும் போகலாம், நானே எத்தனை பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாஸ்தா சாப்பிட்டேன். நிதானமாக. நாலு இட்லி.

பத்து மணி தாண்டி தேசம்மாவின் போன்.

“சாரே, வடக்கால கறுத்துகினு கீது. நீ இன்னும் காயற நாளுனே வெச்சிகீற. நெத்திலிய வாரிடவா, வேணாவா?”

“வாரிடும்மா. ஏழுமலை எங்கே?” ஏழுமலை அவள் புருஷன்.

“ஏரில. இன்னிக்கு நம்ம பாடாச்சே. அந்த மனுசனுக்கு காத்து புடிக்கல, கரையிலயே நின்னு யோசிச்சிகினு இருந்துது. நாந்தான் நீ போட்டத காட்னேன். ஒன்பதரைக்கு எங்கண்ணன் கோபியோட படகைத் தள்ளிகினு பூட்ச்சி.”

ஒன்பதரை. என் முள் இறங்கி அரை மணி நேரம் ஆன பிறகு. அந்த மனிதன் என் ஒரு வரிக்காகக் கரையில் காத்து நின்றிருக்கிறான். நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

“உடனே போன் பண்ணித் திரும்பி வரச் சொல்லு. ஊர்ல யாரும் படகு தள்ளக் கூடாது. பெரிய காத்து வருது, நான் சொன்னேன்னு சொல்லு” என்றேன். பதிவைத் திறந்தேன். பழைய வரியை அழிக்கத்தான் முதலில் விரல் போனது. அப்போதுதான் ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைத் தூக்கிப் பிடித்த வரதராஜன் சார் ஞாபகம் வந்தார். மாற்றாதே என்று அவர் எங்கே சொன்னார்? மறைக்காதே என்றுதானே சொன்னார். அவர் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்து வந்து, அதற்கு விதி என்று பெயர் வைத்து ஊரைக் கெடுத்திருக்கிறேன். ‘காய்ந்த நாள்’ வரி மேல் ஒரு கோடு போட்டேன். மேலே எழுதினேன்: “நான் சொன்னது தப்பு. பெரிய காற்று வருகிறது. ஏரியில் இருப்பவர்கள் உடனே கரைக்கு வரவும். காலை 10.15.” கீழே என் பெயர்.

குடையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன். பாதி வழியிலேயே வாடை ஊளையிட ஆரம்பித்துவிட்டது. மழை சாய்வாக, ஊசி ஊசியாக இறங்கியது. ஏரி ஒரு பத்து நிமிஷத்தில் கடலாகிவிட்டது. குழுவில் பார்த்துவிட்டு ஐந்தாறு படகுகள் வந்து சேர்ந்தன. அதில் ஏழுமலை இல்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அடிப்பதும் நின்றது.

ஆற்று வெள்ளமெல்லாம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் பாய்கிற பருவம். அங்கே படகு கவிழ்ந்தால் நீச்சல் உதவாது, நேராகக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அது துறையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தேசம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கலாம், தாங்கிக்கொண்டிருப்பேன். முகத்துவாரப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மடக்கிய குடை என் கக்கத்திலேயே இருந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, விதிப்படி தோற்றவன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றிருக்கிறேன். சத்தியமாக விரிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“இன்னா சாரே, வயசான காலத்துல” என்று சொல்லிக் குடையை என் கக்கத்திலிருந்து உருவினாள். விரித்தாள். காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்து என் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு மறுபடி ஏரியைப் பார்த்தாள். அவள் புருஷனும் அண்ணனும் அங்கே. என்னால் அங்கே. அவள் எனக்குக் குடை பிடிக்கிறாள். நான் அழுதுவிட்டேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பகல் ஒரு மணிக்குமேல் காற்று தணிந்ததும் இரண்டு படகுகள் தேடப் போயின. முக்கால் மணி நேரத்தில் நாலு பேராகப் போனவர்கள் ஆறு பேராகத் திரும்பினார்கள். ஏழுமலைக்கு வலது கை முறிந்து தொங்கியது. கோபிக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவர்கள் படகு ஒரு மணல் திட்டில் கவிழ்ந்து கிடந்ததாம். முகத்துவாரத்தில் இல்லை, அதைத் தாண்டி ஊர்ப் பக்கமாகப் பாதி தூரம் வந்துவிட்ட இடத்தில். அங்கே இடுப்பளவு தண்ணீர்தான்.

பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில் ஏற்றியதும் ஏழுமலை என்னைக் கூப்பிட்டார்.

“இவ போன் பண்ணி வா வானு கத்துச்சி சாரே. கருவாட்டுக்கு பயந்துகினு கத்துதுனு நெனச்சேன். பாடு நாளாச்சே, எப்டி வர்றது? சரி, நீ இன்னா போட்டுகீறனு தொறந்து பார்த்தேன். நீ எழுதுனத நீயே கோடு போட்டு அடிச்சி வெச்சிகீற. கோபிகிட்ட காட்னேன். பெரிய மனுசன் தன் பேச்ச தானே அடிச்சிகினா சும்மா இருக்காதுடா, வலைய அறுனு சொன்னேன். அறுத்துட்டு வந்துட்டோம்.”

“நான் ஒன்பது மணிக்கே அடிச்சிருக்கணும், ஏழுமலை. எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவே தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கேள்வியோடு நான் மூன்று நாள் தூங்கவில்லை.

நாலாம் நாள் ஊர்ப் பஞ்சாயத்தில் போய் நின்றேன். தப்பு என்னுடையது, ஏழுமலைக்கு அந்தப் பாடு நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் குப்புசாமி வெற்றிலையை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்:

“பாடு யாருக்கும் திரும்பாது சாரே. எங்க நைனா செத்த அன்னிக்கு எனுக்கு பாடு. நான் கேக்கல. இவனுக்குக் குட்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. உனுக்கு ஒண்ணு சொல்றோம். சாயங்காலம் ஒரு தபா எழுதற இல்ல, காத்தால ஒன்பது மணிக்கு இன்னொரு தபா பாரு. தப்பா இருந்தா அடி. அடிச்சது எங்க கண்ணுக்குத் தெரியணும். அதான் தீர்ப்பு.”

வரதராஜன் சாரை அவருக்குத் தெரியாது. பார்த்ததுகூட இல்லை.

அந்தத் தீர்ப்பை அப்படியே பதிவில் எழுதி, என் பழைய விதி மேல் கோடு போட்டேன். நான் தோற்ற படமும் போட வேண்டுமே. துறையில் யாரோ போனில் எடுத்த படத்தைத் தேசம்மா அனுப்பினாள். “விதிப்படி இது செல்லாது, குடை விரிந்திருக்கிறது” என்று ரஹீம் எழுதினான். அரை மணி கழித்து அந்த வரியை அவனே கோடு போட்டு அடித்து, “இதை முகப்பில் வை” என்று மேலே எழுதினான். தம்பி, நீங்கள் மறைக்கப் பார்க்கிற வரிகளில் அதுவும் ஒன்று.

ஏழுமலையின் கை கூடி, அடுத்த சுற்றில் அவர் பாடு வந்த அன்று, ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அதுவரை அவர் என்னோடு பேசவில்லை. இப்போதும் மழை வருமா, காற்று எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை.

“சாரே, அடிக்கிற மாதிரி எதனா கீதா?”

பாரமானியைத் தட்டினேன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். இன்னொரு தரம் பார்த்தேன்.

“இல்லே ஏழுமலை. ஏறுது.”

“சர்தான். அப்போ தள்றேன்” என்றார். அவர் கரைக்குத் திரும்பிவிட்டதாகத் தேசம்மா சொல்லும்வரை நான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.